காற்றடிக்கும் நெடும்பயணத்துக்கு எங்கே பயிற்சி எடுப்பது: வெளிக்காற்றிலா, டிரெய்னரிலா, ஏற்றத்திலா?

காற்று பலமாக வீசும் ஒரு பாதையில் 200 அல்லது 300 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டப் பெயர் கொடுத்துவிட்டீர்கள். கையில் எட்டு, பத்து வாரம் இருக்கிறது. வாரத்துக்கு ஆறேழு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். அந்த நேரத்தை எங்கே போடுவது? காற்றுக்குள்ளேயே போய் மிதிப்பதா? வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளை நிறுத்திவைத்து நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவியில், உட்காருவதா? ஏற்றம் ஏதாவது பக்கத்தில் இருந்தால் அதில் ஏறி இறங்குவதா? நாலு பேரோடு சேர்ந்து ஓட்டுவதா? நெடும்பயணத்துக்குத் தயாராகும் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறார்கள்.

இந்த நாலையும் வெவ்வேறு வருடங்களில் செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை ஏற்றத்தை மட்டும் நம்பினேன். மேடு ஏறிப் பழகிய காலுக்குக் காற்று பெரிய விஷயமாக இருக்காது என்று நினைத்தேன். கால் தாங்கத்தான் செய்தது. ஆனால் நாலாவது மணி நேரத்தில் கழுத்தும் தோள்பட்டையும் கெஞ்ச ஆரம்பித்தன. ஒரு நீளமான பாலத்தின் மேல் பக்கவாட்டில் அடித்த காற்றில் வண்டியை நேராகப் பிடிக்க முடியாமல், இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். காற்று என்று நாம் ஒரே பெயரில் சொல்வதில் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. எதிர்காற்று காலையும் பொறுமையையும் சோதிக்கிறது. பக்கக்காற்று கையையும் நிதானத்தையும் சோதிக்கிறது. முதலாவதற்கு எங்கே வேண்டுமானாலும் பயிற்சி எடுக்கலாம். இரண்டாவதற்குக் காற்றிலேயே போய் நின்றால்தான் உண்டு. கீழே சொல்லப்போகும் ஒப்பீடு முழுக்க இந்த வித்தியாசத்தைச் சுற்றியேதான் வருகிறது.

காற்று எவ்வளவு பிடுங்குகிறது

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, கை பிரேக் பிடியின் மேல், சமதரை என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத நேரத்தில் 25 கிமீ வேகத்தில் போக மிதியில் ஏறக்குறைய 100 வாட் சக்தி போதும். நேர் எதிரே 25 கிமீ வேகத்தில் காற்று வீசும்போது அதே 25 கிமீ வேகத்தைப் பிடிக்க 300 வாட்டுக்கும் மேல் வேண்டும். காற்றின் இழுவை, உங்கள் மேல் மோதும் காற்றின் வேகத்தினுடைய வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அதனால்தான் இரண்டு மடங்கு கூட இல்லை, மூன்று மடங்கு கேட்கிறது. 300 வாட்டை மணிக்கணக்கில் மிதிக்க நம்மில் பெரும்பாலானவர்களால் முடியாது. அதே 100 வாட்டோடு போனால் வேகம் 13 கிமீக்கு இறங்கிவிடும்.

இந்த 13 என்ற எண் நெடும்பயணக்காரர்களுக்கு முக்கியமானது. பிரெவே என்னும், குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி நேரம் கொடுக்கிறார்கள். சராசரியாக மணிக்கு 15 கிமீ. அதாவது வழி முழுக்க எதிர்காற்று இருந்தால், காற்றில்லாத நாளில் சுகமாக 25 கிமீயில் போகிறவரும் நேரக்கெடுவைத் தவறவிடுவார்.

போய்த் திரும்பும் பாதை என்றால் திரும்பும்போது காற்று முதுகில் தள்ளுமே, கணக்கு சரியாகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. அதே 100 வாட்டில், அதே காற்று பின்னால் இருந்தால் 41 கிமீ வரை போகலாம். ஆனால் 50 கிமீ போக மூன்றே முக்கால் மணி நேரத்துக்கும் மேல், 50 கிமீ திரும்ப ஒன்றே கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாக என்று மொத்தம் ஐந்து மணி நேரம் ஆகிவிடும். காற்றில்லாத நாளில் இதே 100 கிமீக்கு நாலு மணி நேரம்தான். எதிர்காற்றில் இழந்தது பின்காற்றில் முழுதாகத் திரும்பி வருவதே இல்லை. நேர் பக்கவாட்டில் அடிக்கும் காற்று கூட சும்மா விடாது. இதே எண்களை வைத்துப் பார்த்தால் இழுவையை 40 சதவீதம் போலக் கூட்டிவிடும். வட்டப்பாதையில் பாதிக்குப் பாதி சாதகம் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

இன்னொரு சின்ன விஷயம். வானிலை அறிக்கையில் சொல்லும் காற்றுவேகம் 10 மீட்டர் உயரத்தில் அளப்பது. திறந்த வெளியில் சைக்கிளில் குனிந்திருக்கும் உயரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுதான் இருக்கும். நான் மேலே சொன்ன 25, நம் உயரத்தில் வீசுவது. அறிக்கையில் அது 38, 40 என்று தெரியும்.

வெளிக்காற்றில் போய்ப் பழகுவது

மற்ற மூன்றும் தர முடியாததைத் தருவது இதுதான். காற்று ஒரே அளவில் வீசுவதில்லை. 30 கிமீயில் வீசிக்கொண்டிருப்பது திடீரென 45க்கு எகிறினால் அந்த நொடியில் தள்ளும் விசை இரண்டே கால் மடங்காகிவிடும். கை அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் படித்தோ கேட்டோ கற்றுக்கொள்ள முடியாது.

லாரி கடந்துபோகும் கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று உங்களைச் சாலை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது. விழாமல் இருக்க நீங்கள் அறியாமலேயே வண்டியைக் காற்றின் பக்கம், அதாவது சாலையின் நடுப்பக்கம், சாய்த்து வைத்திருக்கிறீர்கள். லாரி பக்கத்தில் வந்ததும் காற்று சட்டென்று நின்றுவிடும். சாய்ந்திருந்த உடம்பு அப்படியே லாரியை நோக்கிப் போகும். அரை நொடிதான். முன்சக்கரம் ஒரு சாண் உள்ளே வந்துவிடும். லாரியின் பின்முனை தாண்டியதும் நின்ற காற்று ஒரே அறையாகத் திரும்பி வந்து ஓரத்து மண்ணுக்குத் தள்ளும். முதல் முறை இது நடந்தபோது நான் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தேன், முழங்கை விறைத்துக்கொண்டது, வண்டி இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி ஓடியது. ஏழெட்டு தடவைக்கு அப்புறம் கை தானாகவே மாறிவிட்டது. லாரியின் சத்தம் கேட்டதும் முழங்கை மடங்கும், பிடி தளரும், உடம்பு கொஞ்சம் முன்னால் போய் முன்சக்கரத்தின் மேல் பாரத்தை ஏற்றும், வேகம் லேசாகக் குறையும். இதில் எதையும் யோசித்துச் செய்வதில்லை.

ஆனால் அந்தச் சத்தம் எப்போதும் கேட்காது. பலத்த எதிர்காற்றில் காதுக்குள் இரைச்சல் மட்டும்தான். பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிந்தால் உண்டு. ஹேண்டில்பாரில் ஒரு சின்னக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அதை ஐந்து விநாடிக்கு ஒருமுறை பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். காற்றில் ஓட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

சாப்பிடுவது, குடிப்பது எல்லாம் இங்கேதான் கற்றாக வேண்டும். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் உடம்பு நீரை இழப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் தாமதம்தான். அதே நேரம் பக்கக்காற்றில் ஒரு கையை எடுத்துப் பாட்டிலைப் பிடுங்குவதற்கே தைரியம் வராது. பாட்டிலை எடுக்காமல் மணிக்கணக்கில் போய்விட்டுப் பிறகு சுருண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மரவரிசை, கட்டடம், மேட்டுச்சரிவு என்று காற்று மறையும் இடங்களை முன்கூட்டியே கவனித்து அங்கே குடிப்பது, இல்லாவிட்டால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நின்று குடிப்பது என்று ஒரு முறை வைத்துக்கொள்ளலாம். நிற்பதால் போகும் ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை.

குறைகளும் இருக்கின்றன. காற்று நம் சௌகரியத்துக்கு வீசாது. பெரும்பாலான திறந்தவெளிகளில் விடியற்காலையில் அடங்கியிருந்து, வெயில் ஏறித் தரை சூடானதும் கிளம்பி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். நம்மில் பலருக்குக் கிடைப்பது விடியற்காலை மட்டும். வாரநாட்களில் காற்றே இல்லாத நேரத்தில் ஓட்டிவிட்டு, காற்றில் பழகியதாக நினைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. வாரக்கடைசியில் ஒரு நாளாவது பிற்பகல் 2 மணிக்குக் கிளம்ப வேண்டும். மனசு வராது, ஆனால் அதுதான் பயிற்சி.

எப்போது போகக்கூடாது என்பதும் முக்கியம். காற்றின் பலத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவுகோலில் 5 என்பது 29 முதல் 38 கிமீ, சின்ன மரங்கள் முழுதாக ஆடும். 6 என்பது 39 முதல் 49, பெரிய கிளைகள் ஆடும், குடை பிடிக்க முடியாது. 7 என்பது 50 முதல் 61, பெரிய மரமே ஆடும், எதிர்த்து நடக்கவே சிரமமாக இருக்கும். 5 வரை தனியாகப் போகலாம். 6இல் போக்குவரத்து இல்லாத சாலையாக இருந்தால் மட்டும், அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் சின்னச் சுற்றாக. 7இல் வண்டியை எடுக்க வேண்டாம். நெதர்லாந்தில் எதிர்காற்று சைக்கிள் போட்டி ஒன்று 2013இல் தொடங்கியது. 7 அல்லது அதற்கு மேல் காற்றடிக்கும் என்று தெரிந்தால்தான் சில நாள் முன்னே அறிவித்து, கடலைத் தடுக்கும் ஓஸ்டர்ஸ்கெல்டே அணையின் மேல் 8.5 கிமீ தூரத்துக்குக் கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் நடத்துகிறார்கள். அது ஏற்பாடு செய்யப்பட்ட போட்டி, ஓட்டுவதும் எதிர்காற்றை நேருக்கு நேர் பார்த்து. பொதுச்சாலையில் பக்கக்காற்றோடு அதைச் செய்து பார்ப்பது வேறு விஷயம்.

பலம் இருந்தால் தள்ளாது என்று நினைக்கிறவர்கள் பெல்ஜியத்தில் பலத்த காற்றில் நடந்த 2015இன் கெண்ட்-வெவல்கெம் சைக்கிள் பந்தயத்தை நினைத்துக்கொள்ளலாம். உலகத்தின் தேர்ந்த பந்தய வீரர்களே அன்றைக்குச் சாலையை விட்டு வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். சாலையோரத்தில் போய் விழுந்த ஜெரெய்ன்ட் தாமஸ் எழுந்து வந்து மூன்றாவதாக முடித்தார். பெரும்பாலோர் பந்தயத்தை முடிக்கவே இல்லை.

டிரெய்னர்

கை பழகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முன்சக்கரம் அசையாமல் நிற்கும் ஒரு கருவியில் பக்கக்காற்றைப் பற்றி எதுவுமே கற்க முடியாது.

ஆனால் எதிர்காற்றைப் பொறுத்தவரை டிரெய்னர் பலரும் நினைப்பதைவிட நல்ல ஆசிரியர். எதிர்காற்றில் மிதிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மிதியை ஒரு நொடி விட்டால் போதும், வண்டி பிரேக் போட்ட மாதிரி நின்றுபோகும். சமதரையில் காற்றில்லாதபோது வண்டியின் ஓட்டமே அடுத்த மிதிக்குக் காலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். எதிர்காற்றில் அந்த உதவி கிடையாது. மிதி மேலும் கீழும் செங்குத்தாக நிற்கும் அந்தச் செத்த இடத்தைக்கூடக் கால்தான் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். அதனால் ஒரே வாட்டாக இருந்தாலும் தொடை வேறு மாதிரி வலிக்கும்.

இதை டிரெய்னரில் அப்படியே கொண்டுவரலாம். வாட்டைக் கருவியே நிலையாக வைத்துக்கொள்ளும் முறையில் போட்டு, முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கும் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கும் சங்கிலியை மாற்றுங்கள். உள்ளே இருக்கும் ஃபிளைவீல், அதாவது ஓட்டத்தைத் தக்கவைக்கும் கனமான சக்கரம், மெதுவாகச் சுற்றும். வாட் அதேதான், ஆனால் ஓட்டத்தின் உதவி போய்விடும். கால் உடனே எதிர்காற்றை அடையாளம் கண்டுகொள்ளும். பெரிய பல்சக்கரத்தில் வழவழவென்று இரண்டு மணி நேரம் மிதித்துவிட்டு, காற்றுக்குப் பயிற்சி எடுத்தேன் என்று சொல்கிறவர்கள் இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்ச வாட்டில் 75, 80 சதவீதத்தில், நிமிடத்துக்கு 65 முதல் 75 சுற்று மிதியில், 20 நிமிடமாக மூன்று முறை. சில வாரம் போனதும் 40 நிமிடமாக இரண்டு முறை. நடுவில் நிறுத்தவே கூடாது, ஏனென்றால் காற்று நிறுத்தாது. முழங்காலில் வலி வந்தால் மிதியின் சுற்றைக் கூட்டிவிடுங்கள். வலியைத் தாங்கிக்கொண்டு கனமான கியரில் போவது பயிற்சி ஆகாது.

டிரெய்னர் தரும் இன்னொரு பெரிய உதவி, தாழ்ந்து உட்காருவது. இதற்கு நான் தனியாகவே இடம் ஒதுக்க விரும்புகிறேன். மேலே சொன்ன அதே எதிர்காற்றில், கை பிரேக் பிடியிலிருந்து கீழ்ப்பிடிக்கு, அதாவது வளைந்த ஹேண்டில்பாரின் கீழ்ப்பகுதிக்கு இறங்கி, முழங்கையை மடக்கி, தலையைத் தாழ்த்தினால் காற்றுக்கு முன்னால் நிற்கும் நம் பரப்பு 15 சதவீதம் போலக் குறையும். 13 கிமீ வேகம் 14 ஆகும். ஒரு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். 100 கிமீ எதிர்காற்றில் அது அரை மணி நேரத்துக்கும் மேல். அதே வேகத்தைக் காலால் சம்பாதிக்க வேண்டுமானால் 15 வாட் கூடுதலாக மிதிக்க வேண்டும். 100 வாட் மணிக்கணக்கில் மிதிக்கும் ஒருவருக்கு 15 வாட் என்பது பல மாத உழைப்பு.

சிக்கல் என்னவென்றால், தாழ்ந்து உட்காருவது எல்லோருக்கும் தெரியும். ஆறு மணி நேரம் தாழ்ந்திருப்பது யாருக்கும் வருவதில்லை. கழுத்து பிடிக்கும், கை மரக்கும், இடுப்பு கெஞ்சும், அரை மணியில் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். டிரெய்னரில் இதைப் படிப்படியாகக் கூட்டலாம். முதல் வாரம் ஐந்து நிமிடம் தாழ்ந்து, இரண்டு நிமிடம் எழுந்து. பிறகு பத்து, பதினைந்து. போக்குவரத்தையும் சாலையையும் கவனிக்க வேண்டியதில்லை என்பதால் எந்தத் தசை முதலில் கைவிடுகிறது என்று நிதானமாகப் பார்க்க முடியும். எனக்குக் கைகளின் பின்தசை. தரையில் முழங்கை ஊன்றி உடம்பைப் பலகை மாதிரி நேராகப் பிடிக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் சேர்த்துக்கொண்டதும் அது சரியாயிற்று. ஹேண்டில்பாரை ஒரு விரல்கடை உயர்த்துவதாலும் சிலருக்குச் சரியாகும். நீடித்துத் தாழ்ந்திருக்கக்கூடிய உயரமே நல்ல உயரம். பத்து நிமிடத்துக்கு மட்டும் தாங்கும் ஆழமான குனிவு நெடும்பயணத்துக்கு உதவாது.

ஃபேன் நல்லதாக வேண்டும். வெளியே காற்று உடம்பைக் குளிர்விக்கும், உள்ளே அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கால் களைப்பதற்கு முன்பே சூட்டில் நின்றுவிடுவோம்.

ஏற்றம்

25 கிமீ எதிர்காற்று, மேலே சொன்ன உடம்புக்கு, முடிவே இல்லாத இரண்டரை சதவீத ஏற்றத்துக்குச் சமம். 40 கிமீ எதிர்காற்று கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். விசையின் அளவு ஒன்றுதான், மிதியின் கனமும் ஒன்றுதான். அதனால் ஏற்றம் காற்றுக்கு மாற்று என்று சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் உடம்பு நிற்கும் விதம் நேர்மாறு. ஏற்றத்தில் நிமிர்ந்து, மார்பை விரித்து, ஹேண்டில்பாரின் மேல்பகுதியைப் பிடித்து ஓட்டுகிறோம். காற்றில் மடங்கி ஓட்டுகிறோம். இடுப்பு மடங்கிய நிலையில் அதே வாட்டை மிதிக்க வேறு தசைகள் வேலை செய்கின்றன, மூச்சும் வேறு மாதிரி எடுக்க வேண்டியிருக்கிறது. முதல் தடவை நான் தோற்றது இங்கேதான். அப்புறம், ஏற்றத்துக்கு ஓர் உச்சி இருக்கிறது. அதைத் தாண்டினால் இறக்கத்தில் ஓய்வு. காற்றுக்கு உச்சி கிடையாது.

எடையும் கணக்கை மாற்றுகிறது. மெலிந்தவர் ஏற்றத்தில் பறப்பார், காற்றில் திணறுவார். பருத்தவருக்கு இரண்டும் தலைகீழ். ஏற்றத்தில் நீங்கள் எடுக்கும் நேரத்தை வைத்துக் காற்றில் எப்படிப் போவீர்கள் என்று முடிவு செய்யாதீர்கள். டிரெய்னர் இல்லாதவர்களுக்கு, காற்றும் இல்லாத பருவத்தில், ஏற்றம் நல்ல துணை. மூன்று, நான்கு சதவீத நீண்ட சரிவாகப் பார்த்து, கீழ்ப்பிடியில் கையை வைத்து, உட்கார்ந்தே ஏறுங்கள்.

குழுவோடு ஓட்டுவது

பின்னால் ஒட்டி ஓட்டினால் வேலை கால்பங்குக்கு மேல் குறையும், எதிர்காற்றில் அந்தச் சேமிப்பு வாட் கணக்கில் இன்னும் பெரிது. நாலு பேர் மாறி மாறி முன்னால் வந்தால் ஒவ்வொருவருக்கும் முக்கால்வாசி நேரம் மறைவு கிடைக்கும். பயணம் முடிவதற்கு இது உதவும். பயிற்சிக்கு உதவுமா என்பதுதான் கேள்வி.

ஓரளவுக்குத்தான். மறைவில் போகும் நேரம் முழுக்க நாம் காற்றில் இல்லை. குழு கற்றுத்தருவது வேறொன்று: காற்று எந்தக் கோணத்தில் வருகிறது, அதற்கு மறைவு எங்கே விழுகிறது என்பதைப் படிப்பது. வலதுபக்கத்திலிருந்து காற்று வந்தால் மறைவு முன்னவருக்கு நேர்ப் பின்னால் இருக்காது, இடதுபுறம் சற்றுத் தள்ளிப் பின்னால் இருக்கும். பந்தயக்காரர்கள் சாலையின் குறுக்கே விசிறி மாதிரி விரிவது அதற்காகத்தான். பொதுச்சாலையில் அப்படி விரியக்கூடாது. இரண்டு பேர் மட்டும் லேசாகக் கோணலாக ஓட்டுவது வரை சரி, அதுவும் முன்னவரின் பின்சக்கரத்தோடு நம் முன்சக்கரம் பக்கவாட்டில் ஒட்டி நிற்காதபடி. காற்று ஒரு தள்ளு தள்ளினால் சக்கரமும் சக்கரமும் உரசும், விழுவது பின்னால் இருப்பவர்.

நெடும்பயணத்தில் குழு கடைசிவரை சேர்ந்திருப்பது அபூர்வம். பஞ்சர், தூக்கம், வயிறு என்று ஏதோ ஒன்று பிரித்துவிடும். 150ஆவது கிலோமீட்டரில் தனியாக நிற்கும்போது அதுவரை காற்றைத் தனியாகச் சந்திக்காதவருக்கு மனசு உடைந்துபோகும். மாதம் இரண்டு முறை குழுவோடு போனால் போதும், மற்ற நாட்களில் தனியாகப் போங்கள்.

சாமான் வாங்கிச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பார்கள். கொஞ்சம் முடியும். முன்சக்கரத்தின் ரிம் ஆழமாக இருந்தால் பக்கக்காற்று அதைப் பிடித்துத் திருப்பும், உயரம் குறைந்த ரிம் அமைதியாக இருக்கும். ஹவாயில் கோனாவில் நடக்கும், நீச்சலும் சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியில் 180 கிமீ சைக்கிள் பகுதிக்கு, அங்கே அடிக்கும் பக்கக்காற்றுக்காக, தட்டுப்போல மூடிய சக்கரத்துக்கு நீண்டகாலமாகத் தடை வைத்திருந்தார்கள். ஹேண்டில்பாரில் தொங்கும் பெரிய பையைச் சீட்டுக்குப் பின்னால் மாற்றினால் முன்பக்கம் இலகுவாகும். பின்னால் முன்னால் ஒரே எண்ணிக்கையில் பல் உள்ள கியர் இருந்தால், 13 கிமீ வேகத்திலும் கால் சுழலும். உடையில் படபடக்கும் துணி எதுவும் வேண்டாம். அவ்வளவுதான். முன்னங்கையை ஊன்றும் ஏரோ பார் நேர் எதிர்காற்றில் அருமையானது, ஆனால் பக்கக்காற்று விட்டு விட்டு அடிக்கும் சாலையில் பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அதில் படுத்திருப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது

உங்கள் பாதையில் எந்தக் காற்று அதிகம் என்று முதலில் பாருங்கள். அந்தப் பருவத்தில் வழக்கமாக வீசும் திசையையும் சாலை போகும் திசையையும் வரைபடத்தில் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பெரும்பகுதி எதிர்காற்று என்றால், வாரநாட்களின் பயிற்சி முழுக்க டிரெய்னரில் அல்லது ஏற்றத்தில் இருக்கலாம், மாதம் மூன்று நாள் வெளிக்காற்று போதும். பக்கக்காற்று, பாலங்கள், திறந்த கடற்கரைச் சாலை, லாரிகள் ஓடும் பாதை என்றால் வாரம் ஒரு நாளைக் கட்டாயம் வெளிக்காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும், மற்றதில் எதைக் குறைத்தாலும் சரி.

காற்றே இல்லாத இடத்தில் இருப்பவர்கள் எட்டு வாரத்தில் இரண்டு முறையாவது காற்றடிக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் ஓட்டிவிட்டு வருவது நல்லது. மூன்று மணி நேரம் போதும். அங்கே தூரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரே ஐந்து கிலோமீட்டரைப் பக்கக்காற்றில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, ஒரு கையை எடுப்பது, பாட்டிலை எடுப்பது, திரும்பிப் பார்ப்பது எல்லாவற்றையும் பழகுங்கள்.

நேர்மாறாக, எப்போதும் காற்றடிக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. தினமும் காற்றில் ஓட்டுவதால் தினமும் தன்னையறியாமல் அளவுக்கு மீறி மிதிப்பார்கள். அவர்களுக்கு டிரெய்னர் ஓய்வுநாள் பயிற்சிக்குத் தேவை. மெதுவாக மிதிக்க வேண்டிய நாளில் மெதுவாகவே மிதிக்க அது ஒன்றுதான் வழி.

எந்த வழியைத் தேர்ந்தாலும், காற்றில் வேகமானியைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். நான் திரையில் வேகம் வரும் கட்டத்தையே எடுத்துவிட்டேன். வாட், இல்லாவிட்டால் இதயத்துடிப்பு, அதுவும் இல்லாவிட்டால் மூச்சு. ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் சரியான அளவில் போகிறீர்கள். எதிர்காற்றில் அதிக நேரம் செலவாகிறது என்பதால் அங்கே ஐந்து சதவீதம் கூடுதலாக மிதித்து, பின்காற்றில் அதைக் குறைத்துக்கொள்வது லாபம்தான். ஆனால் பழகாதவர்கள் ஐந்து என்று நினைத்து முப்பது கூட்டுவார்கள், ஏனென்றால் 13 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு கேட்பதில்லை.

கடைசி இரண்டு வாரத்தில் ஒரு ஒத்திகை வைத்துக்கொள்ளுங்கள். பயண நாளில் போடப்போகும் அதே பை, அதே உடை, அதே சக்கரம். பிற்பகல் 2 மணி, அறிக்கையில் காற்று 30க்கு மேல். முதல் 40 கிமீ பின்காற்றில் போய்விட்டுக் கடைசி 40 கிமீ எதிர்காற்றில் திரும்புங்கள். களைத்த உடம்போடு காற்றை எதிர்கொள்வது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரியும். திரும்பும் வழியில் எந்தக் கிலோமீட்டரில் கழுத்தை நிமிர்த்தினீர்கள், எங்கே தண்ணீர் குடிக்க மறந்தீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மிச்சமிருக்கும் நாட்களின் பயிற்சியை அந்தத் தாளைப் பார்த்தே போட்டுக்கொள்ளலாம்.